சுவரோரம் உருண்ட பாதரசம்

தம்பி: ...தெர்மாமீட்டர் ஒடஞ்சதுதானே, பெருக்கித் தள்ளிட்டா முடிஞ்சிருமேக்கா?

அக்கா: துடைப்பத்தக் கீழ போடு! ஒரு துளி நூறாயிடும்.

தம்பி: துளியா? உலோகம்தானே, கெட்டியா...

அக்கா: இரும்பு, செம்பு, தங்கம் எல்லாம் கெட்டியா கிடக்கும். பாதரசம் மட்டும் சாதாரணச் சூட்டுலயே தண்ணியா ஓடும். எட்டாவதுல தலையில குட்டிச் சொல்லிக் குடுத்தேனே.

தம்பி: குட்டுனதுதான் ஞாபகம் இருக்கு.

அக்கா: விளையாடாத. ஜன்னலத் தொற, ஃபேன நிறுத்து.

தம்பி: ஆச்சு... புகையக் காணோமேக்கா, சும்மாதான் உருளுது.

அக்கா: அதான் பயமே. அடுப்புல வைக்கவே வேணாம், கிடந்த இடத்துலயே ஆவியாகும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பாப்பா தவழுற தரைடா.

தம்பி: அதனாலதான் ஒனக்கு போன் பண்ணேன்.

அக்கா: பாப்பாவும் ஒன் பொண்டாட்டியும் எங்க?

தம்பி: அவ... தூக்கிட்டுக் கடைக்குப் போயிருக்கா.

அக்கா: ம்... சரி. மோதிரத்தக் கழட்டு, தங்கத்துல ஒட்டிக்கும். கையில பிளாஸ்டிக் பை மாட்டிக்க. ரெண்டு அட்டையால மெதுவா ஒதுக்கி, கண்ணாடி பாட்டில்ல போட்டு இறுக்கி மூடு. தெர்மாமீட்டர் எங்க விழுந்துச்சு?

தம்பி: கட்டில் பக்கம். கை தவறி...

அக்கா: டார்ச் அடிச்சுப் பாரு.

தம்பி: கட்டிலடியில ஒண்ணுமில்ல. எதிர்ச் சுவரோரம்தான் மின்னுது.

அக்கா: கண்ணாடித் துண்டு?

தம்பி: அங்கதான்... அலமாரி மேலயும் ரெண்டு கிடக்கு.

அக்கா: கை தவறி விழுந்தது அலமாரி மேல எப்படிடா ஏறுச்சு?

தம்பி: காலையில... அவ பாப்பாவுக்குக் காய்ச்சல்னா. ஒண்ணுமில்ல, சும்மா பெருசு பண்ணாதேன்னேன். நூத்திமூணுன்னு மூஞ்சிக்கு நேரா நீட்டுனா...

அக்கா: நீட்டுனா?

தம்பி: புடுங்கி வீசிட்டேன்.

அக்கா: அப்புறம்?

தம்பி: அவ குழந்தையத் தூக்கிட்டு எறங்கிப் போயிட்டா. எங்கன்னே தெரியல, போனும் எடுக்கல. அவ சொன்னதுதான் சரி... என் குழந்தை நெருப்பா கொதிச்சிருக்கு, நான் கத்திக்கிட்டு நின்னேன்.

அக்கா: கடைக்குன்னியே.

தம்பி: ஒன் முன்னாடி வெக்கமா இருந்துச்சு. அவகிட்ட நீ எதுவும் சொல்லிடாதக்கா, நானே...

அக்கா: நான் எதுக்குச் சொல்லணும்? நீ போன் பண்ணதுலேர்ந்து ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன். டாக்டர்கிட்ட காட்டிட்டு நேரா இங்கதான் வந்தா. பாப்பாவுக்குக் காய்ச்சல் எறங்கிடுச்சு, அவ மடியில தூங்குது. ரூமை விட்டு வெளிய வந்து கதவச் சாத்து... அவ கேட்டுக்கிட்டுதான் இருக்கா, பேசு.