நாலு மீசைக் கெண்டை

எனக்கு மீன் வாடையே ஆகாது. கரமனை அக்ரகாரத்தில் பிறந்தவன் முப்பது வருடம் மீனோடு மாரடித்தேன் என்று எங்கள் தெருவில் இன்றும் சிரிப்பார்கள். ஆனால் இன்ஸ்பெக்டர் சார், கெண்டை மீன்களை இனம் பிரிப்பதில் இந்தத் திருவனந்தபுரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

செதிலை எண்ணுவோம், வாயோரத்து மீசையை எண்ணுவோம். அதை வைத்துத்தான் கெண்டைகளைப் பிரிப்பது. நம் மலையடிவாரத்து ஓடைக் கெண்டைக்கு இரண்டே மீசை, எல்லாம் ஒரே இனம் என்று 1978இல் எழுதினேன். என் பேரும் பதவியும் அந்தக் கட்டுரையால் வந்தவை.

இருபது வருடம் கழித்து, என்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த செல்லபாய் அதே மலையடிவாரத்து ஓடை ஒன்றில் பிடித்த பதினொரு மீன்களை பார்மலின் ஜாடியில் போட்டுக் கொண்டுவந்தாள். பாறசாலைப் பெண், படு கெட்டிக்காரி.

"சாரே, இதுக்கு நாலு மீசையாக்கும். வேற இனம்லா இது?"

எண்ணினேன். நாலுதான். வயிறு எரிந்தது. திங்கட்கிழமை வெளியூர்ப் பரிசோதகர் வந்து மீன்களைப் பார்ப்பதாக இருந்தது. பார்த்தால் அவளுக்குப் பட்டம், எனக்குத் தலைகுனிவு. புது ஜாடி வாங்கிவா என்று அவளைச் சாலைக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு, பதினொரு மீனிலும் ஒரு ஜோடி மீசையைச் சின்னக் கத்தரியால் வேரோடு நறுக்கினேன். அரைமணி நேர வேலை. கை நடுங்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தவள் லென்ஸில் பார்த்துப் பார்த்து வெளிறிப்போனாள்.

"நான் கண்ணால கண்டதாக்கும் சாரே. அம்மையாணை, நாலு இருந்துது."

"நீ ஆசைப்பட்டதை எண்ணியிருக்கே, கொழந்தே. திங்கட்கிழமைக்குள்ள புதுசாப் பிடிச்சுண்டு வா. இல்லேன்னா தீசிஸை மறந்துடு."

அது ஜூன் மாதம். மலையில் நான்கு நாளாக விடாத மழை. அந்த ஓடையில் எத்தனையோ தடவை இறங்கியவன் நான். எப்போது அது ஆளை அடித்துக்கொண்டு போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை உடல் கிடைத்தது. இடுப்பில் கட்டியிருந்த பாட்டிலில் ஒரே ஒரு கெண்டை. நாலு மீசை. பாட்டிலை எங்கள் விலங்கியல் துறைக்கே அனுப்பிவைத்தார்கள்.

அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. பாவி, பாவி என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் அந்த மீனைப் புது இனமென்று நானே எழுதி வெளியிட்டேன். அவள் பெயரையே அதற்கு வைத்தேன். போன வாரம் அவள் அம்மா ராகேல் ஒரு சீப்பு ஏத்தம்பழத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எம் புள்ள பேர நெலைக்க வச்சியளே சாரே." அதைத் தாங்க முடியாமல்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுங்கள். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே மீனுக்கு வைத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கமில்லை. அவள் உயிரோடிருந்து அதை வெளியிட்டிருந்தால், அந்தக் கெண்டைக்கு அவள் பெயர் வந்திருக்காது. அப்படிப் பார்த்தால் நான் அவளுக்கு நல்லதுதான் செய்திருக்கிறேன்.