கலெக்டரின் மருத்துவ ரெக்கார்டு

கீரமங்கலத்தில் எங்கள் கால்நடை கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு மோர் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியது நான்தான் சார். டாக்டருக்கு இதெல்லாம் தோன்றாது. நல்லவர்தான், ஆனால் நிறையப் படித்தவர்.

"வளக்கிறவங்க கேட்டா ரெக்கார்டக் காட்டிரு ஐயனாரு, அது அவங்க உரிமை" என்பார். உரிமை இருந்துவிட்டுப் போகட்டும். படித்துவிட்டு அழுகிறவர்களைத் தேற்றுவது யார்? செங்கமலம் அம்மாளின் பூனைக்கு வயிற்றில் கட்டி என்று எழுதியிருந்தது. நான் காட்டவில்லை; செரிமானக் கோளாறு என்றேன். பூனை சாகும்வரை அந்த அம்மாள் நிம்மதியாகத் தூங்கினார்.

முத்துராமன் அண்ணன் தன் நாய்க்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தார். பட்டா மாற்ற அலைந்த கோபம். "நம்ம சொன்னா உக்கார்ற கலெக்டர் ஒண்ணாவது இருக்கட்டுமே" என்பார்.

சித்திரையில் ஒருநாள் கலெக்டர் வாயில் நுரையோடு வந்தது. மாத்திரை கொடுக்கப்போன அண்ணனின் கையைக் கடித்துவிட்டு, மறுநாள் கிளினிக்கிலேயே செத்தது. வெறிநோய் அறிகுறி, கடிபட்டவர் உடனே ஊசி போட வேண்டும் என்று டாக்டர் ரெக்கார்டில் எழுதினார். அண்ணனிடம் சொல்லிவிடு என்று என்னிடமும் சொல்லிவிட்டு, ஜல்லிக்கட்டுக் காளைகளைப் பரிசோதிக்க விராலிமலைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அண்ணன் வந்தார்.

"கலெக்டரோட ரெக்கார்டக் குடுப்பா. என்னன்னு பாத்துட்டு வாங்கன்னு திலகவதி வெரட்டுறா."

"அதுல என்னண்ணே இருக்கு. வெயில் தாங்காமப் போயிருச்சு."

"அப்ப ஊசி கீசி வேணாமுல்ல? ஞாயித்துக்கெழம தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. ரெண்டு கடா வெட்டுறோம். நாந்தான் தாய்மாமன்."

நாய்க்கடிக்கு ஊசி போட்டால் கறியும் எண்ணெயும் ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பத்தியம். அப்படி எதுவுமே இல்லை என்பார் டாக்டர். அவர் சென்னையில் படித்தவர். மருமகளை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன், ஊரே கறி தின்னும் பந்தியில் ரசம் சாதம் பிசைவதா? எனக்கு மனசு கேட்கவில்லை. ரெக்கார்டை மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

"தாராளமாத் திங்கலாம்ணே."

"நீயும் வந்துரு. ஈரல் எடுத்து வைக்கச் சொல்றேன்."

போனேன். ஈரல் நன்றாகத்தான் இருந்தது.

ஆடியில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீர் டம்ளரைப் பார்த்தே நடுங்கினார் என்றார்கள். சில நாளில் போய்விட்டார். பாடை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

காரியம் முடிந்ததும் அண்ணனின் மனைவி திலகவதி அக்கா கிளினிக்குக்கு வந்தார். "நாயோட சீட்டக் காட்டுறதுல ஒனக்கு என்னப்பா நட்டம்?" என்றார். பாவம், படித்தால் தாங்கமாட்டார். அவர் போனதும் ரெக்கார்டை அடுப்பில் போட்டேன்.

டாக்டர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை சார். தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: காதுகுத்தன்று முத்துராமன் அண்ணன் இரண்டாம் முறையும் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்தப் புண்ணியத்தை எந்தக் கோர்ட்டும் என்னிடமிருந்து பிடுங்கிவிட முடியாது.