பெயருக்குக் கீழே ஒரு வரி

“அரசு அதிகாரின்னு போட்டா உமக்கு என்ன வே, மேலா வலிக்கு?”

“இல்லாததப் போட மாட்டேன். நான் ஆபீஸ் உதவியாளர்.”

“எங்க சொக்காரன் பங்காளி படிச்சுட்டு, உதவியாளர்னா என்ன வேலைன்னு கேப்பான். டீ வாங்குதவர்னு நான் சொல்லவா?”

“சொல்லும்! வாங்கத்தான செய்தேன்!”

கோப்பு சுமந்த கோமகனே! அழைப்பு மணிக்கு அசராத அருந்தகையே! பெயரிலேயே அரசாண்ட எங்கள் அன்பு அண்ணாச்சி இசக்கிராஜா அவர்களே!

பாராட்டு மடல் என்றால் மங்கலமாகத் தொடங்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் உங்களை நினைத்ததும் முதலில் காதில் விழுவது, போன வைகாசியில் மதியச் சாப்பாட்டு வேளையில், சம்பந்தியாக வரவிருந்த புளியங்குடி எலுமிச்சைத் தோப்புக்காரர் மூக்காண்டி அண்ணாச்சியோடு, கல்யாணப் பத்திரிகை மாதிரியை மேசையில் விரித்துவைத்து நீங்கள் போட்ட அந்தச் சண்டைதான். நாங்கள் ஒட்டுக் கேட்கவில்லை. சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சாப்பிட்டோம்.

சொல் வழங்கிய வள்ளலே! எங்களுக்கெல்லாம் ஒரு படி கூட்டியே பெயர் வைத்தீர்கள். தற்காலிகமாகக் கணினி வேலைக்கு வந்த ஆஷிக் அலியை முதல் நாளே “மேனேஜர் சார்” என்றீர்கள். கண்காணிப்பாளர் சுகிர்தா மேடத்தை “கலெக்டரம்மா” என்றீர்கள். அவரும் மறுத்ததாகத் தகவல் இல்லை. திருவேங்கடத்திலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும் மனுவோடு வந்தவர்கள் உங்கள் வாய்மொழியை நம்பி, எங்கள் தகுதிக்கு மேல் எங்களைக் கும்பிட்டார்கள். கும்பிட்டவரிடம் எரிந்து விழ முடியுமா? வேறு வழியில்லாமல் நாங்களும் கொஞ்சம் நல்லவர்களாக நடந்துகொண்டோம்.

ஆனால் உங்களுக்கென்று நீங்கள் ஆசைப்பட்டது ஒரே ஒரு சொல். பதிவறை எழுத்தர். அதற்கான பதவி உயர்வுக் கோப்பு மேலிடத்துக்குப் போனது, போனது போனதுதான். தபால்காரர் படியேறும்போதெல்லாம் நீங்கள் எழுந்து நின்றது அவருக்கான மரியாதை என்று புதிதாக வந்தவர்கள் நினைத்தார்கள். பழையவர்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டம்மா முப்பிடாதியம்மாள், கோயில் வாசலில் வைத்துச் சொன்னார்கள், காலையில் சட்டை மாட்டும்போது கண்ணாடியைப் பார்த்து, “பதிவறை எழுத்தர் இசக்கிராஜா” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவீர்களாம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சொன்னார், நாங்கள் எல்லோருக்கும் சொன்னோம்.

அரசு வேலையில் கடைசி நாளன்று ஒருவர் எந்தச் சொல்லில் நிற்கிறாரோ, ஆயுசுக்கும் அதுதான். முன்னால் ‘ஓய்வு’ என்று சேர்த்து வாசல் பலகையில் எழுதுவார்கள், பேரப்பிள்ளை காதுகுத்துப் பத்திரிகையில் போடுவார்கள், அதற்கப்புறம் வருகிற சுவரொட்டியிலும் அதையே ஒட்டுவார்கள். அதனால்தான் ஆர்டர் வரட்டும், பத்திரிகை அடிப்போம் என்று மகள் அபிதாவின் கல்யாணத்தைத் தையிலிருந்து வைகாசிவரை தள்ளிக்கொண்டே வந்தீர்கள்.

அன்று மூக்காண்டி அண்ணாச்சி, “அப்பம் கல்யாணமே வேண்டாம்னு வச்சிக்கிடுவோம்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை அபிதா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

“ஏட்டி, இன்னும் ஒரே ஒரு மாசம் பாப்போம்,” என்றீர்கள்.

“ஆர்டர் வரட்டும்னு நீங்க தள்ளுதீங்க. பெரிசாப் போடணும்னு மாமா தள்ளுதாங்க. நடுவுல நான் யாருக்குப்பா காத்துக் கெடக்கேன்?”

அவள் போன பிறகு, அச்சகத்துக்கு நீங்களே போன் செய்தீர்கள். எங்கள் பெயர்களையெல்லாம் நடை அதிரக் கூவும் உங்கள் குரல், “அலுவலக உதவியாளர்னு போடுங்க” என்று அவ்வளவு மெதுவாகச் சொன்னதை அன்றுதான் கேட்டோம். சுகிர்தா மேடத்துக்குத் தாங்கவில்லை. “எங்களையெல்லாம் தூக்கிவிடுதீங்க, உங்களுக்குன்னா மட்டும் ஏன் அண்ணாச்சி இவ்வளவு கறார்?” என்று கேட்டார். “வாயால சொல்லுதது வாழ்த்து, மேடம். அச்சடிச்சா அத்தாட்சில்லா?” என்றீர்கள்.

அங்கே புளியங்குடியில் மாப்பிள்ளை லிங்கேஷ் தகப்பனாரிடம், “எம் பேருக்குக் கீழ ஒண்ணும் போடாதீங்க. அவங்க அப்பா பேருக்குக் கீழ உள்ளதப் போடுங்க. இல்லன்னா ரிஜிஸ்டர் ஆபீசுல முடிச்சுக்கிடுதோம்” என்று சொல்லிவிட்டாராம். மூக்காண்டி அண்ணாச்சி இறங்கிவந்தார். ஆனால் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே மட்டும் ‘எலுமிச்சை ஏற்றுமதியாளர்’ என்று போட்டுக்கொண்டார். கேரளா லாரிக்கு மூட்டை அனுப்புகிறாரே, போகட்டும்.

பெருமைக்குரியவரே! இந்த மடலை அச்சுக்குக் கொடுக்கும்போது உங்கள் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, நேற்று மாலைவரை காத்திருந்தோம். பெரிய சொல்லாக ஒன்றைப் போட எங்களுக்கும் கை துடித்தது. போட்டால் இதை நீங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட மாட்டீர்கள் என்பதால் உள்ளதையே போட்டோம். அச்சகத்துக்குக் கிளம்பும் நேரத்தில்கூட, சுகிர்தா மேடம் கடைசியாக ஒரு தரம் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தார். ஆர்டர் இல்லை. திங்கட்கிழமை முதல் நாங்கள் எல்லோரும் எங்கள் சொந்தப் பதவிக்கு இறங்கிவிடுவோம். அதை நினைத்தால் இப்போதே என்னவோ போலிருக்கிறது.

நோய் அண்டாது, நோவு தீண்டாது, நூறு கடந்தும் நடையில் தளர்வில்லாமல், முப்பிடாதியம்மாளோடு முகமலர்ந்து வாழ்க! யாரும் மணியடித்து உங்களை எழுப்பாத காலைகள் நிறைய வாய்க்கட்டும்!

ஆவணியில் அபிதாவுக்கும் லிங்கேஷுக்கும் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இருவரும் வேலைக்கென்று ஓசூருக்குக் குடிபோய்விட்டார்கள். அடுத்த வாரம் நீங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கே போகிறீர்கள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் சின்னவர் பெரியவர் எல்லோரும் உங்களை ‘அங்கிள்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். போகுமுன் அந்த முகவரியைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், அண்ணாச்சி. ஆர்டர் வந்தால் அனுப்ப வேண்டும்.

பிரிய மனமில்லாத
அலுவலகப் பணியாளர்கள்,
சங்கரன்கோவில்.