மூணாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளி

"நேத்து சர்ச்ல எனக்கு ஒடம்பு சரியாகணும்னு ஜெபம் பண்ணாங்க சார். நானும் ஆமென் சொன்னேன்."

எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்திலிருந்து கிளம்பிய திங்கட்கிழமை காலை ரயிலில் இதைக் கேட்டேன். சொன்னவர் மடியில் டிபன் பாக்ஸ் இருந்தது. பக்கத்தில் திருநீறு பூசிய அவருடைய ஆபீஸ் நண்பர். நான் பேப்பரைப் பிரித்து வைத்திருந்தேன். ஒரு வரியும் ஏறவில்லை.

"உங்களுக்கு மஞ்சக்காமாலை போய் மூணு மாசம் ஆச்சே?"

"ஆச்சு. ஜெப லிஸ்ட்லேர்ந்து பேரை எடுக்கல. படுக்கையில இருக்கிற நம்ம சகோதரர்னு பாஸ்டர் வாராவாரம் வாசிக்கிறார். நான் மூணாவது பெஞ்சில ஒக்காந்திருக்கேன்."

"பக்கத்துல இருக்கிறவங்க திரும்பிப் பாக்கலியா?"

"ஜெபத்துல எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்க சார்."

"படுத்திருந்தப்ப யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்களே. எதிர்வீட்டு மாமி தினம் கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து கொண்டாந்தாங்க. திருநீர்மலை பெருமாள் கோயில் துளசிகூடக் குடுத்தாங்க."

"நான் சர்ச்லேர்ந்து வந்தாங்களான்னு கேட்டேன்."

"ஜெபம் பண்ணாங்க சார்."

ரயில் பல்லாவரம் தாண்டியது.

"பாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா பேரை எடுத்துடுவாரு," என்றார் நண்பர்.

"எடுத்துடுவாரு. அதான் சொல்லல. வாரத்துக்கு ஒரு தடவையாவது அங்க என் பேரைச் சொல்றாங்களே சார்."