எந்தப் பக்கம் பேசுவது

மைசூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ரொம்ப நாள் கழித்துச் சந்தித்த இருவர். பேப்பர் வைத்திருந்தவர் கொதித்தார்.

"அமெரிக்காக்காரன் நிலக்கரியை எரிச்சே முன்னுக்கு வந்தான். இப்ப நாம புகை விடக்கூடாதாம், வெயில்ல கரண்ட் எடுக்கணுமாம். நீங்க அனல் மின் நிலையத்துல இருந்தவர், சொல்லுங்க சார்."

"என்னைக் கேக்காதீங்க."

"ஏன் சார்?"

"அந்தக் குவார்ட்டர்ஸ் சாம்பல்லதான் என் சம்சாரத்துக்கு மூச்சுத் திணறல் வந்தது. ரிட்டயர் ஆகி இங்க வந்தோம். போன மாசம் இழுப்பு அதிகமாச்சு, மருந்து மெஷினைப் போட்டேன். பாதியில கரண்ட் போச்சு. ஆட்டோ வர்றதுக்குள்ள அவளும் போயிட்டா. நான் எந்தப் பக்கம் பேசறது?"

பேப்பர்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்றார்.

"நானேதான் சமைக்கிறேன். இன்னும் ரெண்டு பேருக்கே வடிச்சுடறேன் சார்."