அடுக்கி வைத்த மூன்று கற்கள்

நல்ல கல் தேடிப் போகிறவன் முதலில் டீக்கடையில் உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும், சார். சாலை போட எந்த மலையை வெட்டினார்கள், மழையில் எந்தக் கரை சரிந்தது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். புல்டோசர் ஓட்டுகிறவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் வழியும் சொல்லிவிடுவார். புதிதாக வெட்டிய இடத்தில்தான் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் வெளியே வரும்.

மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை எனக்கு. பை நிறைய மாத்திரையோடு ஊர் ஊராகப் போவேன், பை நிறையக் கல்லோடு திரும்புவேன். கல்லில் நார் உரிக்கிறவன் என்று ஆபீசில் கேலி செய்வார்கள். லாட்ஜ் அறையில் கற்களைக் கழுவிச் சன்னலோரம் காயவைத்து, அவற்றோடு பேசிக்கொண்டிருப்பேன். பேச வேறு ஆள் இல்லை.

ஒருநாள் ஒரு மருந்துக்கடையில் என் பையிலிருந்து கல் ஒன்று விழுந்தது. கடைக்காரர் அதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஈரம் பட்டாத்தான் கல்லு தன் நிறத்தைக் காட்டும், தம்பி. ஆடு மேயாத இடத்துல எடுத்ததுதானே?"

சிரித்துவிட்டேன். அதற்குமுன் எப்போது சிரித்தேன் என்று நினைவில்லை. கல் சேர்க்கிறவன் கூடப்பிறந்தவனுக்குக்கூடத் தன் இடத்தைக் காட்டமாட்டான். நான் அவருக்கு எல்லா இடத்தையும் காட்டினேன். விடுமுறை நாளெல்லாம் இருவரும் சேர்ந்தே போனோம்.

அவருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம், நிமிர்ந்து பார்க்க முடியாது. ஆகவே மேலே பார்ப்பது என் பொறுப்பு. பாறை தளர்ந்திருந்தால், அதன் அடியில் மூன்று கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பேன். அடுக்கு இல்லாத இடத்தில் அவர் நம்பி உட்காருவார்.

நீங்கள் குறுக்கிடாமல் கேட்பது நன்றாக இருக்கிறது, சார்.

அன்று காலை விரிசல் விட்ட ஒரு பாறைக்குக் கீழே கற்களை அடுக்கிவிட்டு வந்தேன். அவர் பிளாஸ்கைத் திறந்துகொண்டே சொன்னார்: "கடையைக் கொடுத்துட்டேன், தம்பி. மக கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. இனி பேரப்பிள்ளைங்களோட அங்கயே இருந்துடலாம்னு பார்க்கிறேன்."

"அப்ப நான்?"

"உனக்கென்னப்பா, கல்லுங்க இருக்கே."

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். நான் அவருடைய தசை இல்லையே. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் எழுந்து போய், அந்த மூன்று கற்களையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இங்க உக்காரலாமா, தம்பி?"

"உக்காருங்கண்ணே."

நான் செய்தது அவ்வளவுதான். அவர்மேல் என் விரல் நுனிகூடப் படவில்லை.

அவர் சுத்தியலால் தட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பாறை சரிந்தது. இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது, ஆனால் பேச முடிந்தது. ஆளைக் கூட்டி வரச் சொன்னார். டீக்கடை பத்து நிமிட நடைதான், புல்டோசரும் அங்கேதான் நின்றது. போய்ச் சொன்னால் கூட்டம் வரும், அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் பக்கத்திலேயே உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் தண்ணீர் கொடுத்தேன். என் லாட்ஜ் அறைகளைப் பற்றி, யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். முதலில் கெஞ்சினார். பிறகு 'ம்' மட்டும் கொட்டினார். வெயில் இறங்கும்போது அதுவும் நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் என்னோடு யாரும் இருந்ததில்லை.

சீக்கிரம் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். நீங்கள் என் அறையைச் சோதனை போட்டு, சன்னலோரத்திலிருந்து எடுத்து வந்த மூன்று கற்கள் அன்று நான் பையில் போட்டுக்கொண்டவைதான். அவற்றில் ஒரு சிப்பிகூடக் கிடையாது.

அவர் மகள் வந்து, "அப்பா கடைசியில தனியா கெடந்தாரா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நான் பக்கத்துலயே இருந்தேன்" என்றேன். என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நன்றி சொன்னாள். அந்த நன்றியை நான் கூசாமல் வாங்கிக்கொண்டேன், சார். ஒருவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை.