எட்டாம் நாள் கத்திரிச் சத்தம்

ஓடுகிறேன். தேயிலைச் செடி இடுப்பைக் கிழிக்கிறது. காலில் செருப்பில்லை. கீழே பைக் சத்தம். மேட்டிலிருந்து அம்மா கத்துகிறாள்.

"கீழ போவாத புள்ள! ரோட்டுல அவன் வர்றான்! மேல ஏறு!"

ஏறுகிறேன்.

எட்டு நாள் அடைபட்டிருந்தேன். எஸ்டேட்டின் கடைசித் தேயிலைக் காட்டில், ஆளில்லாத பழைய குவார்ட்டர்ஸில். அடைத்தவன் சிவராஜ். ஃபேக்டரி ஆபீஸில் என் எதிர் மேசைக் கிளார்க். "ஸ்டாக் பார்க்கணும், வாங்க மேடம்" என்றான். போனேன். வெளியே பூட்டு விழுந்தது. டக்.

அவன் அடிக்கவில்லை. காலையும் மாலையும் சோறு கொண்டுவந்தான். எதிரில் உட்கார்ந்து நான் மெல்லுவதையே பார்த்தான். ஆபீஸில் நான் கொடுத்திருந்த ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் அவன் மடியில்.

"கட்டிக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்."

சொல்லவில்லை. பத்தாவது எரிந்தது. மறுநாள் பன்னிரண்டாவது. பிறகு டிகிரி. எங்கள் லைன் வீடுகளில் முதல் டிகிரி.

"இப்ப நீங்களும் இலை வெட்டுற உங்கம்மா மாதிரிதான்" என்று சிரித்தான்.

"எங்கம்மா மாதிரி ஆக உனக்கு ஏழு ஜென்மம் வேணும்."

பத்தாம் நாள் கேரளாவுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னான். அந்தக் காட்டுக்குப் பதினாலு நாளுக்கு ஒரு முறைதான் இலை வெட்ட ஆள் வரும். அது ஆபீஸ் கணக்கு. அவன் செடியைப் பார்த்தவன் இல்லை. மூன்று நாள் மழை. பிறகு வெயில். கொழுந்து முந்தும். ஆளும் முந்தி வரும். எந்தக் காடு என்று மேஸ்திரி காலையில் வாயால் சொல்வார். ஆபீஸுக்குத் தெரிய மாலையாகும். இதை நான் அவனிடம் சொல்லவில்லை.

எட்டாம் நாள். காலைச் சங்கு ஓய்ந்தது. சரக். சரக். இலை வெட்டும் கத்திரி. சோற்றுத் தட்டால் கதவை அடித்தேன். பக்கத்து லைன் மேரி அக்கா கத்திரியாலேயே பூட்டை நெம்பினாள். வெளியே வந்தேன். அப்போதுதான் பைக்.

மேட்டில் பெண்கள் என்னைச் சுற்றி நிற்கிறார்கள். கத்திரிகள் அவன் பக்கம்.

"வாடா கிளார்க்கு! நீ எத்தனை கிலோ தேறுவேன்னு பார்ப்போம்!"

அவன் வரவில்லை. போலீஸ் வந்தது.

"அப்பா எங்கேம்மா?"

மேரி அக்காதான் சொன்னாள். சிவராஜ் தினமும் எங்கள் வீட்டில் டீ குடித்திருக்கிறான். "உங்க புள்ள குந்தா பஸ்ஸுல ஏறினதைப் பார்த்தேனுங்க" என்றிருக்கிறான். அப்பா அந்த மழையில் கிளம்பிப் போனவர், திரும்பவில்லை. அம்மா வேலைக்கு வந்ததே காடு காடாக எங்களைத் தேடத்தான்.

இரண்டு நாள் கழித்து, குந்தா போகும் வழியில் மழைக்குச் சரிந்த மண்ணை அள்ளினார்கள்.

போனவை இவை. எட்டு நாள். மூன்று சர்டிபிகேட். மூன்றுக்கும் நகல் வாங்கிவிட்டேன்.

அப்பா ஒருவர்.